மொறிஸ் மைனர் பிக்கப்: புத்தகத்தில் 1960, வண்டியில் வேறு. எதைப் பார்த்துச் சாமான் வாங்குவது?

முத்தையன்கட்டு:
வணக்கம். பெரியப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்பைத் திரும்ப ஓட வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். வாய்க்கால் கரைத் தோட்டங்களில் இருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புச் சந்தைகளுக்கு ஓடிய வாகனம். போர்க்காலத்தில் வன்னிக்கு அரசு போட்டிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டதால் தப்பியது.

பதிவுப் புத்தகத்தில் 1960 என்று இருக்கிறது. 1960 பிக்கப் என்றால் 948 சிசி எஞ்சின் இருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் தகட்டில் எண் 10எம்ஏ என்று தொடங்குகிறது. கடைகளில் முதலில் கேட்பது "எத்தனையாம் ஆண்டு?" என்றுதான். அதற்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. கிளச் தட்டு, முன் பிறேக், முன் சில்லு மூட்டுகள், எஞ்சின் பின்பக்க ஓயில் சீல் எல்லாம் மாற்ற வேண்டும். காட்சிக்கு வைக்க அல்ல, சந்தைக்கு ஓட்டத்தான் எடுக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளம் கராஜ்:
தம்பி, ஆண்டைச் சொல்லி ஒரு சாமானும் வாங்காதீர்கள். புத்தகத்தில் உள்ள 1960, அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ஆண்டு. அதற்குப் பிறகு வன்னியில் நடந்ததெல்லாம் புத்தகத்தில் இல்லை. தடைக் காலத்தில் பற்றறி, எரிபொருள், வாகன உதிரிப்பாகம் எதுவும் ஓமந்தையைத் தாண்டி இலகுவாக வரவில்லை. ஒரு கார் நின்றுவிட்டால் அதன் எஞ்சின் இன்னொன்றுக்குப் போகும், கியர் பெட்டி மூன்றாவதுக்குப் போகும். இங்கே நின்று பிழைத்த எந்த மைனரும் ஒரே ஆண்டின் வண்டி அல்ல. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனி வாகனமாக நினைத்து, கையில் உள்ளதை அளந்து வாங்க வேண்டும்.

எஞ்சினில் இருந்து தொடங்குவோம். 9எம் என்றால் 948 சிசி, 1956இல் வந்தது. 10எம்ஏ என்றால் 1098 சிசி, 1962இல் வந்தது. ஆகவே உங்களுடையது பின்னால் மாற்றிய எஞ்சின். தகட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். அது இரண்டு ஆணியில் நிற்கும் தகடு, கழற்றி வேறு எஞ்சினில் அடித்திருக்கலாம். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மூடியை, கழற்றும்போது சிலிண்டர் விட்டத்தை அளவுங்கள். 62.9 மில்லிமீற்றருக்குக் கிட்ட என்றால் 948, 64.6க்குக் கிட்ட என்றால் 1098. தேய்ந்ததால் துளையைப் பெரிதாக்கிப் போரிங் செய்திருந்தால் கொஞ்சம் கூட இருக்கும். அப்படிக் குழப்பமாக இருந்தால் பிஸ்டன் மேலே கீழே போகும் தூரத்தைப் பாருங்கள்: 948இல் 76.2, 1098இல் 83.7. இதை எந்த லேத்தும் மாற்றியிருக்காது.

அதோடு இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள்: கியர் பெட்டியின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருக்கிறதா, வரிவரியாக மேடு இருக்கிறதா, பழைய கிளச் தட்டின் விட்டம், முன் பிறேக் ட்றம் இரண்டின் உள்விட்டமும். இரண்டையும் என்று சொல்கிறேன், ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விடாதீர்கள்.

லண்டன் நெடுங்கேணி:
இந்த இழையைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. வேறு பழைய பிக்கப் என்றால் சாமான் தேடியே அலுத்துவிடும். மைனருக்கு அந்தக் கவலை குறைவு. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வாகனம் இது. இங்கிலாந்தில் இப்போதும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இன்னொன்றையும் நம் ஆட்கள் அறிந்திருக்க வேண்டும்: 1990களில் இருந்து மைனருக்கான தகட்டு வேலைகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, பாத் நகரத்தில் மைனர் திருத்தும் நிலையத்துக்குக் கப்பலில் போயிருக்கின்றன. ஆகவே மட்காட், தளத் தகடு போன்றவற்றுக்கு முதலில் கொழும்புப் பக்கம் விசாரியுங்கள், பிறகு இங்கே கேளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வைத்திருப்பது கார் அல்ல, பிக்கப். காருக்கு உடலே சேசிஸ், அதாவது அடிச்சட்டம். பிக்கப்புக்கும் வானுக்கும் 1953இல் இருந்தே தனிச் சேசிஸ். கதவுக்கு முன்னால் உள்ளவை பெரும்பாலும் காருடையவைதான். கதவுக்குப் பின்னால் போனால் கதை வேறு. காரின் பெற்றோல் தாங்கி பிக்கப்பில் உட்காராது. காரின் பின் ஸ்பிறிங் மெல்லியது, சுமை ஏற்றினால் தொய்ந்துவிடும். காரின் பின் ஷொக் கை மடக்குப் போன்றது, பிக்கப்புக்கு நீளக் குழாய் வகை. "மைனருடையது" என்று மட்டும் சொல்லிப் பின்பக்கச் சாமான் கேட்டால் கடைக்காரர் காருடையதைத்தான் எடுத்துத் தருவார். சேசிஸ் எண்ணைப் பாருங்கள், எம்-ஏயூ5 என்று தொடங்கினால் யூ என்ற எழுத்து பிக்கப்பைக் குறிக்கும். வானுக்கு அந்த இடத்தில் வி வரும். அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

முத்தையன்கட்டு:
மாங்குளம் அண்ணைக்கும் லண்டன் அண்ணைக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

சேசிஸ் எண் எம்-ஏயூ5 தான், புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறது. பிஸ்டன் ஓட்டம் 83.7, ஆகவே எஞ்சின் 1098 என்பது உறுதி. கியர் பெட்டி வழுவழுப்பு. கிளச் தட்டு ஆறேகால் அங்குலம். ட்றம்தான் ஆச்சரியம்: வலது முன் சில்லில் 7 அங்குலம், இடது முன் சில்லில் 8 அங்குலம்.

ஹெட்டுக்குக் கீழே காஸ்கெற் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. எஞ்சினுக்கும் சாரதி இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தீச்சுவரில் ஒரு சிறிய போத்தல் தாங்கியும் பித்தளைத் திருகு குழாயும் பொருத்தியிருக்கிறது.

மாங்குளம் கராஜ்:
பிறேக்கை முதலில் பேசுவோம். 7 அங்குலம் 948 காலத்தது, 8 அங்குலம் 1098 காலத்தது. யாரோ ஒரு பக்க மூட்டு முழுவதையும் வேறு வண்டியில் இருந்து தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வேறு வழி இருந்திருக்காது. இப்போது இதை இப்படியே விட முடியாது, பிறேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். உங்கள் எஞ்சின் 1098, ஏற்றப்போவது சுமை. ஆகவே இரண்டு பக்கமும் 8 அங்குலமாக்குங்கள். ட்றம் மட்டும் மாற்றினால் போதாது. பின்தட்டு, ஷூ, சில்லுச் சிலிண்டர் எல்லாம் ஒரு தொகுதியாக வர வேண்டும். சிலிண்டரின் துளை அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சிலிண்டரைப் பார்த்துப் புதியதை வாங்காமல், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாகவே வாங்குங்கள்.

சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றுங்கள். தடைக் காலத்தில் பிறேக் ஓயில் கிடைக்காமல் என்னென்ன ஊற்றினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எஞ்சின் ஓயில் ஒரு துளி போயிருந்தாலும் ரப்பர் ஊதிவிடும். குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றுங்கள். வளையும் ரப்பர்க் குழாய்களையும் மறக்க வேண்டாம். அவை வெளியே நன்றாக இருந்து உள்ளே அடைத்திருக்கும்.

கிளச்சுக்கு வருவோம். 1098 எஞ்சினுக்கு ஏழேகால் அங்குலத் தட்டும் வரி போட்ட கியர் பெட்டியும்தான் தொழிற்சாலைப் பொருத்தம். உங்களுக்குப் பழைய 948 கியர் பெட்டி, அதோடு சேர்ந்து 948இன் பிளைவீலும் எஞ்சின் பின்தட்டும் போடப்பட்டிருக்கின்றன. இது செய்யக்கூடிய மாற்றம்தான், ஓடும். ஆனால் கடையில் 1098 கிளச் என்று கேட்டால் பெரிய தட்டைத் தருவார்கள், அது உங்கள் பிளைவீலில் உட்காராது. 948 கிளச் என்று கேளுங்கள். பெட்டியின் தண்டில் உள்ள பற்களில் புதிய தட்டைச் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பின்பக்க ஓயில் சீல் தேட வேண்டாம், அப்படி ஒன்று இந்த எஞ்சினுக்கு இல்லை. கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்முனையில் திருகுபோல ஒரு வெட்டு இருக்கும், அது சுழலும்போது ஓயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் அங்கே உள்ள ஏற்பாடு. பெயாரிங் தேய்ந்தால் ஒழுகும், மூச்சுக் குழாய் அடைத்தாலும் ஒழுகும். கடையில் யாராவது சீல் என்று எதையாவது தந்தால் வாங்காதீர்கள்.

கிளிநொச்சி லேத்:
கராஜ் தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் போல்ற்றுகளின் திரெட் (மரை) பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான சாமான் வாங்கி வந்த பிறகும் பாதிப் பேர் இங்கேதான் பாழாக்குகிறார்கள்.

மைனரில் பெரும்பாலான போல்ற்றுகள் யுஎன்எஃப், அங்குல அளவு, 60 பாகைக் கோணம். எஸ்யூ காபரேற்றர் போன்ற சில இடங்களில் அதற்கும் முந்தைய ஆங்கில வகை, 55 பாகை. கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் மில்லிமீற்றர். பதினாறில் ஐந்து அங்குலப் போல்ற் 7.94 மில்லிமீற்றர். எட்டு மில்லிமீற்றர்ப் போல்ற்றைக் கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், ஸ்பானர் போட்டு முறுக்குவார்கள். அங்குலத்துக்கு 24 இழை உள்ள துளைக்குள் 20 இழைப் போல்ற் போனால் துளை முடிந்தது. தடைக் காலத்தில் கிடைத்த போல்ற்றைத்தான் எல்லோரும் அடித்தார்கள், அதனால் உங்கள் வண்டியில் எல்லா வகையும் கலந்திருக்கும். திரெட் கேஜ் ஒன்று விலை அதிகமில்லை, வாங்கி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ற்றையும் பார்த்து, சந்தேகமானதைத் தனியே போடுங்கள். பழுதான துளைக்குள் சுருள் கம்பி போட்டு அளவைத் திரும்ப எடுக்கலாம், பெரிதாக்கி வேறு போல்ற் அடிக்க வேண்டாம்.

லேத்தில் செய்யக்கூடியவை: ஸ்பிறிங் பின், பித்தளைப் புஷ், கதவுப் பிணைச்சல் ஊசி, வோட்டர் பம்ப் தண்டு, பல்லி. சிலிண்டருக்கு ஸ்லீவ் போடலாம். செய்யக்கூடாதவை: பிறேக்கில் எதுவும், ஸ்டியரிங்கில் எதுவும், முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன். ட்ரனியன் திரெட்டிலேயே முழுப் பாரமும் நிற்கிறது. கிறீஸ் காணாமல் தேய்ந்தால், ஒரு நாள் வளைவில் திரெட் கழன்று சில்லு மடிந்து வண்டி மூக்கில் விழும். மைனருக்கு உள்ள பெரிய பலவீனம் இதுதான். வெல்டிங் பிடித்து மறுபடி திரெட் வெட்டித் தரச் சொல்லி வருகிறார்கள், நான் செய்வதில்லை. புதியது வாங்குங்கள், தண்டும் மூட்டும் சோடியாக. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் திரெட் எதிரெதிர்த் திசை, ஆர்டர் செய்யும்போது இரண்டையும் எழுதுங்கள்.

பஞ்சிகாவத்தை:
நான் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் கடைப் பக்கத்து ஆள். பஞ்சிகாவத்தைக்கு வருபவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: பழைய சாமானைக் கழுவி எடுத்து வாருங்கள். போட்டோ போதாது. விட்டம் அளக்கும் வேர்னியர் ஒன்றும் கொண்டு வாருங்கள். பெயாரிங் என்றால் வாகனப் பெயரே தேவையில்லை, விளிம்பில் அடித்திருக்கும் எண்ணைச் சொன்னால் எந்தக் கம்பனி செய்ததும் பொருந்தும். எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். ஓயில் சீலுக்கும் அதே மூன்று அளவு. ஆனால் அங்குல சீலுக்குக் "கிட்டத்தட்ட" வரும் மில்லிமீற்றர் சீலைத் தட்டி ஏற்ற வேண்டாம், ஒரு மாரிக்குள் ஒழுகத் தொடங்கும்.

பெயாரிங் ஷெல் கேட்பதென்றால் பழைய ஷெல்லின் முதுகைப் பாருங்கள். 010, 020, 030 என்று அடித்திருந்தால் கிராங் ஏற்கனவே அத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கடையப்பட்டது. அடுத்த அளவா, அதே அளவா என்பதைக் கிராங்கை மைக்ரோமீற்றரால் அளந்தவர்தான் சொல்ல வேண்டும். பிஸ்டன் தலையிலும் இப்படி எண் இருக்கும்.

பழைய பெட்டியில் வரும் "ஒறிஜினல்" சாமானில் இரும்பென்றால் நல்லது, எடுங்கள். ரப்பர் என்றால் எடுக்காதீர்கள். முப்பது வருடம் பெட்டிக்குள் இருந்த பிறேக் ரப்பர் புதியதல்ல. நகத்தால் அழுத்திப் பாருங்கள், தழும்பு மறையாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் வாங்கும்போது உடலில் 25டி4 என்று இருக்கிறதா, டிஎம்2 என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். லூக்காஸ் என்று மட்டும் சொன்னால் காணாது.

வற்றாப்பளை:
எல்லோரும் சாமானைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். நான் அந்தப் போத்தல் தாங்கியையும் திருகு குழாயையும் பற்றிப் பேச வேண்டும். தம்பி, தயவுசெய்து அவற்றைக் கழற்றி எறிய வேண்டாம்.

போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோல், இல்லாவிட்டால் அடுத்த நாள் தொடங்காது. பழைய மைனரும் ஒஸ்ரின் ஏ40 காரும் இப்படி ஓடியதால்தான் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவர். புதிய வாகனங்கள் பெற்றோல் இல்லாமல் கொட்டிலில் நின்ற காலம் அது. இங்கிலாந்தில் ஓடிய மைனர் உலகத்தில் நிறைய இருக்கும், அப்படியே மினுக்கி வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் வன்னியைச் சுமந்த மைனர் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தொழிற்சாலைப் படி திருப்பினால் எங்களுடைய பகுதி முழுவதும் போய்விடும்.

லண்டன் நெடுங்கேணி:
அக்கா சொல்வது மனதைத் தொடுகிறது. இருந்தாலும் என் எண்ணம் வேறு. சரியான சாமான் தேடுவதே அந்த வாகனம் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படித் திருப்பத்தான். தட்டுப்பாட்டில் செய்த ஒட்டுவேலையை நாம் நினைவில் வைத்திருக்கலாம், வண்டியில் வைத்திருக்கத் தேவையில்லை. எரிபொருள் குழாயில் கூடுதலாக ஒரு இணைப்பு என்றால் கசிவுக்கு கூடுதலாக ஒரு இடம்.

கிளிநொச்சி லேத்:
இரண்டு பேருக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஓட்டத்தைத் தொடுவது எல்லாம் திருத்தப்பட வேண்டும். ஹெட்டுக்குக் கீழே இரண்டு காஸ்கெற் போட்டது அழுத்தத்தைக் குறைக்க, அழுத்தம் குறைந்தால்தான் மண்ணெண்ணெயில் தட்டாமல் ஓடும். பெற்றோலில் ஓட்டினால் அது பலத்தைத் தின்னும், ஒரு காஸ்கெற்றே போதும். எரியாத மண்ணெண்ணெய் சுவரால் வழிந்து ஓயிலில் கலந்து ஓயிலைத் தண்ணீராக்கும். அதனால் அப்படி ஓடிய எஞ்சினில் சிலிண்டரும் பெயாரிங்கும் கட்டாயம் தேய்ந்திருக்கும், அளக்காமல் மூடாதீர்கள். காபரேற்றரில் ஜெற்றைப் பெரிதாக்கியிருப்பார்கள், ஜெற்றும் ஊசியும் புதிதாகப் போடுங்கள். 1098க்கு ஏஎன் ஊசி, எழுத்து தண்டில் அடித்திருக்கும். ஹெட் வெளியே இருக்கும்போதே வெளியேற்று வால்வுகளுக்குக் கடின இருக்கை போட்டுவிடுங்கள், இப்போது வருவது ஈயம் இல்லாத பெற்றோல்.

போத்தல் தாங்கியும் குழாயும் தீச்சுவரில் நிற்கட்டும். எரிபொருள் குழாயோடு இணைக்க வேண்டாம். அது ஓட்டத்தைத் தொடாது.

புதுக்குடியிருப்பு:
வலது பக்கத்துக்கு மட்டும் பாகம் வேண்டும் என்று இரும்புக் கடைகளில் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இதை எழுதுகிறேன். 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் சனங்கள் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. பெரும்பகுதி இரும்பாகப் போனது. ட்றம், ஹப், கதவு போன்றவை இன்றைக்கும் அங்கங்கே விற்பனைக்கு வருகின்றன. எண் உள்ள பாகத்தை, அதாவது சேசிஸ் துண்டு, எஞ்சின் புளொக் போன்றவற்றை, பத்திரம் இல்லாமல் வாங்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வாகனம். புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றிய பகுதி என்று உறுதியாகத் தெரியாத காட்டுக்குள் யாராவது "ஒரு மைனர் கிடக்கு" என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம்.

உங்கள் எஞ்சினும் புத்தகத்தில் உள்ள எஞ்சின் அல்ல. ஓட்டத் தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். சேசிஸ் எண் பொருந்துவது உங்களுக்குப் பெரிய பலம், அந்த இடத்தில் வெல்டிங்கோ தட்டுவேலையோ செய்ய விடாதீர்கள்.

முத்தையன்கட்டு:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது கடையில் என்ன சொல்வது என்று தெரிகிறது: கிளச் 948க்கு, காஸ்கெற்றும் பிஸ்டனும் 1098க்கு, முன் பிறேக் 8 அங்குலம் இரண்டு பக்கமும். வற்றாப்பளை அக்கா, போத்தல் தாங்கியும் குழாயும் அதே இடத்தில் இருக்கும். எரிபொருள் குழாய் அதைத் தொடாமல் போகும். பெரியப்பாவிடம் கேட்டேன், அந்தக் குழாயை வெட்டிப் பொருத்தியவர் அவரேதானாம்.

ட்ரனியனும் பிறேக் ரப்பர்களும் லண்டன் அண்ணையிடம் கேட்டிருக்கிறேன், பாரமில்லாதவை என்பதால் ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடலாம். இன்னும் இரண்டு கேள்வி. பின் ஸ்பிறிங்கில் பிளேட்டுகள் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு எண்ணிக்கை. அதோடு பற்றறியின் பிளஸ் முனை உடலோடு பூட்டியிருக்கிறது, யாரும் மாற்றிப் பூட்டிவிட்டார்களா?

மாங்குளம் கராஜ்:
பற்றறி சரியாகத்தான் இருக்கிறது. மைனருக்குத் தொழிற்சாலையிலேயே பிளஸ்தான் உடலுக்கு. டைனமோவை வைத்துக்கொள்ளும் வரை மாற்றாதீர்கள். பின்னால் ஓல்ரநேற்றர் போட்டால் அப்போது மைனசை உடலுக்குத் திருப்ப வேண்டும், கொயிலின் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்ட வேண்டும். பற்றறிக் கடைப் பையன்கள் பழக்கத்தில் மைனசைப் பூட்டிவிடுவார்கள், மூடியில் பெயின்றால் எழுதி வையுங்கள்.

ஸ்பிறிங்குக்கு வவுனியாவில் பிளேட் அடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் கழற்றி ஒன்றாகக் கொண்டுபோங்கள். தடிப்பு, அகலம், வளைவு மூன்றையும் இரண்டுக்கும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். கூடுதல் பிளேட் வைத்தால் கூடுதலாக ஏற்றலாம் என்று சொல்வார்கள், கேட்க வேண்டாம். அந்தக் காலத்துப் பிக்கப்புக்குக் குறித்த சுமை கால் தொன், அதாவது 250 கிலோவுக்குச் சற்று மேல். நெல் என்றால் மூன்று மூட்டை, மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பிறிங் தாங்கினாலும் அது பூட்டியிருக்கும் சேசிஸ் காது தாங்காது. அந்தக் காதுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டே ஸ்பிறிங்கைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மெத்தென்று சத்தம் வந்தால் உள்ளே துரு, முதலில் அதை வெட்டி மாற்ற வேண்டும். தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, தேவை என்றால் நானே முத்தையன்கட்டுக்கு வந்து பார்க்கிறேன்.